ரோலிஃப்ளெக்ஸ் ஆட்டோமாட்: வாங்குவது முதல் பிலிம் கழுவுவது வரை

என் முதல் ரோலில் ஒரு படம்கூட வரவில்லை. பிலிமைப் போட்டு, மூடியைச் சாத்தி, கைப்பிடியைச் சுற்றினேன். சுற்றிக்கொண்டே இருந்தேன். ‘இதோ நிற்கும், இதோ நிற்கும்’ என்று பார்த்தால், கடைசியில் உள்ளே காகிதம் படபடவென்று அடிக்கும் சத்தம்தான் கேட்டது. முழு ரோலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிட்டது. கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. பிலிமின் நுனியை இரண்டு சிறு உருளைகளுக்கு நடுவே விட்டு இழுத்திருக்க வேண்டும். நான் மேலோடு இழுத்துவிட்டேன்.

ரோலிஃப்ளெக்ஸ் என்ற இந்த இரட்டை லென்ஸ் பிலிம் கேமரா இப்படித்தான். பேட்டரி கிடையாது, எச்சரிக்கை விளக்கு கிடையாது. உங்கள் கை சரியான வரிசையில் வேலை செய்தால் அதுவும் செய்யும். வரிசை தவறினால் சத்தம் போடாமல் ஏமாற்றும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 1950-களின் தொடக்கத்தில் வந்த ஆட்டோமாட் மாடல், 75 மி.மீ., எஃப் 3.5 (லென்ஸின் மிகப் பெரிய திறப்பு) டெஸ்ஸார் லென்ஸ். மற்ற ரோலிஃப்ளெக்ஸ் மாடல்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அதே நிறுவனத்தின் ரோலிகார்டுக்கு எங்கே மாறும் என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எந்த மாடல்?

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பவுல் ஃபிராங்கேவும் ரைன்ஹோல்ட் ஹைடெக்கேயும் 1920-ல் தொடங்கிய நிறுவனம் இது. முதலில் ஸ்டீரியோ கேமராக்கள் செய்தார்கள். ஸ்டீரியோ கேமராவில் படமெடுக்க இரண்டு லென்ஸ், நடுவில் பார்ப்பதற்கு ஒன்று. அதில் பக்கத்து லென்ஸ் ஒன்றை விட்டுவிட்டு, மிச்ச இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திப் பாருங்கள், 1929-ல் வந்த ரோலிஃப்ளெக்ஸ் கிடைத்துவிடும். மேல் லென்ஸ் நமக்கு, கீழ் லென்ஸ் பிலிமுக்கு. மேல் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக நிற்கும் கண்ணாடி அசைவதே இல்லை. ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே மெல்லிய இலைகளாக விரிந்து மூடும் இலை ஷட்டர். அதனால்தான் இந்தக் கேமரா ‘க்ளிக்’ என்றுகூடச் சொல்லாது, ‘ட்ஸ்’ என்று முணுமுணுக்கும்.

1933-ல் விலை குறைந்த தம்பியாக ரோலிகார்டு வந்தது. 1937-ல் ஆட்டோமாட் வந்தது. பிலிம் எங்கே தொடங்குகிறது என்று தானே தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அதில்தான். போருக்குப் பின் 2.8 வரிசை, 3.5இ, 3.5எஃப் என்று பிளானார், ஸீனோட்டார் லென்ஸ்களோடு உயர்ந்த மாடல்கள் வந்தன. இன்று 2.8எஃப் மாடலுக்குக் கேட்கும் விலையைப் பார்த்தால் தலை சுற்றும்.

என் கருத்து கேட்டால், முதல் கேமராவாக 2.8எஃப் வேண்டாம். 3.5 டெஸ்ஸார் அல்லது ஸீனார் லென்ஸ் போட்ட ஆட்டோமாட் போதும். இரண்டுமே நான்கு கண்ணாடி லென்ஸ்கள். லென்ஸ் திறப்பை எஃப் 8-க்குச் சிறிதாக மூடிவிட்டால் பிளானாரில் எடுத்ததா, டெஸ்ஸாரில் எடுத்ததா என்று பிரிண்டைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. ‘டெஸ்ஸாரா ஸீனாரா’ என்ற சண்டையில் இறங்கி நேரத்தை வீணாக்காதீர்கள். கண்ணாடி சுத்தமாக இருப்பதை வாங்குங்கள். லென்ஸ் வளையத்தில் ‘ஸைஸ்-ஆப்டான்’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது போலி இல்லை. போருக்குப் பின் ஸைஸ் நிறுவனம் கிழக்கில் யேனா, மேற்கில் ஓபர்கோகன் என்று இரண்டாகப் பிரிந்தபோது மேற்குப் பக்கம் வைத்துக்கொண்ட பெயர் அது. போருக்குப் பிந்தைய லென்ஸ்களில் பூச்சு இருக்கும், வெயிலுக்கு எதிரே கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

வாங்கும் முன் கையில் எடுத்துப் பாருங்கள்

போட்டோவை மட்டும் பார்த்து வாங்குவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். நான் ஒருமுறை ‘மின்ட்’ (புத்தம் புதிது மாதிரி) என்று எழுதி விற்ற ஒரு கேமராவை அப்படி வாங்கினேன். தோல் உறை பளபளவென்று இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் கீழ் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை.

எனவே டார்ச் முதலில். பின் மூடியைத் திறந்து, ஷட்டரை ‘பி’-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்னாலிருந்து கீழ் லென்ஸுக்குள் சாய்வாக ஒளி அடியுங்கள். வலைபோல் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை. மூச்சு பட்டதுபோல் மங்கலாக இருந்தால் உள்ளே எண்ணெய்ப் படலம். இதைப் பெரும்பாலும் சுத்தம் செய்துவிடலாம். ஓரத்தில் வானவில் நிறமோ குமிழிகளோ தெரிந்தால் கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுவிட்டது. அதைத் தொடாமல் நகருங்கள். மேல் லென்ஸில் கொஞ்சம் கீறல் இருந்தால் பரவாயில்லை, அது படத்தில் வராது. ஆனால் பேரம் பேச உதவும்.

அடுத்து ஷட்டர். பிலிம் இல்லாதபோது ஆட்டோமாட்டின் கைப்பிடி நிற்காமல் சுற்றும், பழுது என்று நினைக்காதீர்கள். பின்பக்கமாகச் சுற்றினால் ஷட்டர் முறுக்கேறும். 1 விநாடியில் வைத்து அழுத்துங்கள். ‘ர்ர்ர்ர்’ என்று ஒரே சீராகப் பல்சக்கரம் ஓடி முடிய வேண்டும். இடையில் இழுத்தாலோ, திறந்தபடியே நின்றுவிட்டாலோ உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகிவிட்டது என்று அர்த்தம். இது சரிசெய்யக்கூடிய நோய்தான், சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். யார் சொன்னாலும் ஷட்டர் இலைகளில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள், அவை உலர்ந்தே இருக்க வேண்டியவை. முன்பக்கம் இருக்கும் செல்ஃப் டைமர் நெம்புகோலையும் தொடாதீர்கள். எழுபது வயதுச் சக்கரங்கள் பாதி வழியில் சிக்கினால் ஷட்டரும் சேர்ந்து நின்றுவிடும்.

மூன்றாவது, பலர் பார்க்கத் தவறுவது: முன்பலகை. ஃபோகஸ் குமிழைத் திருப்பினால் இரண்டு லென்ஸையும் தாங்கும் முன்பலகை முழுசாக வெளியே வரும். அது வரும்போது நான்கு பக்கமும் இடைவெளி ஒரே அளவில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். எப்போதோ கீழே விழுந்த கேமராவில் ஒரு மூலை முந்தும், ஒரு மூலை பிந்தும். படத்தில் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் கலங்கியும் வரும். இதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைவு.

மேலே பார்க்கும் திரை இருட்டாக இருந்தால் உள்ளே சாய்வாக நிற்கும் கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு உதிர்ந்திருக்கலாம். அந்தப் பூச்சு கண்ணாடியின் முன்புறத்தில் இருப்பது. துணியால் துடைத்தால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும், காற்றடிக்கும் பல்பால் ஊதுங்கள், போதும். கூடவே, இந்தக் கேமராவுக்கான 120 அளவு பிலிம் ரோலில் கெட்டுப்போன ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். அதைப் போட்டுச் சுற்றிப் பார்த்தால்தான் படங்களை எண்ணும் எண்காட்டி சரியாக நிற்கிறதா என்பது தெரியும்.

பிலிம் போடுவது

120 ரோலில் பிலிமுக்குப் பின்னால் நீளமான காகிதம் ஓடும். 6×6 செ.மீ. அளவில் 12 படம். உண்மையில் நெகட்டிவ் 56 மி.மீ. சதுரம், 35 மி.மீ. பிலிமின் ஒரு ஃப்ரேமைவிடப் பரப்பில் மூன்றரை மடங்குக்கு மேல்.

நிழலுக்குப் போங்கள். கேமராவின் அடியில் இருக்கும் பூட்டைத் திறந்தால் பின் மூடி மேல்நோக்கித் திறக்கும். பிலிம் சுற்றிக்கொள்ளும் காலி ஸ்பூல் மேல் அறையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கீழே கிடப்பதை எடுத்து மேலே மாட்டுங்கள். பக்கவாட்டில் இருக்கும் குமிழை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு புது ரோலைக் கீழ் அறையில் வையுங்கள். ஒட்டுத்தாளைக் கிழித்து, காகித நுனியை மேலே கொண்டுபோகும்போதுதான் கவனம்.

கீழ் அறையை ஒட்டி இரண்டு மெல்லிய உலோக உருளைகள் அருகருகே இருக்கும். காகித நுனி அந்த இரண்டுக்கும் இடையில் நுழைந்து வெளியே வர வேண்டும். மேலோடு போகக் கூடாது. காரணம் எளிது. காகிதம் மட்டும் ஓடும்போது உருளைகளுக்கு நடுவே ஒரு தடிமன். பிலிமின் முனை காகிதத்தோடு டேப் போட்டு ஒட்டியிருக்கும் இடம் வரும்போது தடிமன் கூடும். அந்த மயிரிழை வித்தியாசத்தில் ஓர் உருளை சற்றே விலகி, ‘பிலிம் வந்துவிட்டது, எண்ணத் தொடங்கு’ என்று எண்காட்டிக்குச் சொல்லிவிடும். 1937-ல் மின்சாரமே இல்லாமல் செய்த வேலை இது. எத்தனை முறை போட்டாலும் எனக்கு இன்னும் வியப்புதான்.

நுனியை மேல் ஸ்பூலின் பிளவில் செருகி, நேராக இருக்கிறதா என்று பார்த்து, இறுக்கம் வரும்வரை கைப்பிடியை ஒன்றிரண்டு முறை சுற்றுங்கள். கட்டைவிரலால் காகிதத்தைத் தட்டையாக அழுத்திக்கொள்ளலாம். மூடியைச் சாத்திப் பூட்டுங்கள். இப்போது கைப்பிடியை முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் ‘டக்’ என்று தானே நிற்கும், எண்காட்டி 1-ஐக் காட்டும். கட்டாயப்படுத்தாதீர்கள். கைப்பிடியைப் பின்பக்கமாகத் திருப்பி மடக்குங்கள், ஷட்டரும் தயார்.

ரோலிகார்டில் இந்தத் தடவிப் பார்க்கும் வித்தை கிடையாது. காகிதத்தில் அச்சடித்த அம்புக்குறி, உள்ளே இருக்கும் சிவப்புப் புள்ளிக்கு நேராக வரும்வரை திறந்தபடியே சுற்றி, பிறகு மூடியைச் சாத்தி 1-க்குக் கொண்டுபோக வேண்டும். உருளையை மறக்கும் அபாயமும் இல்லை. சிலர் அதனாலேயே ரோலிகார்டை விரும்புகிறார்கள், தப்புச் சொல்ல முடியாது.

வெளிச்சம் கணக்கிடுவது

இரண்டு லென்ஸுக்கும் நடுவே, ஆளுக்கொரு பக்கமாக இரண்டு சிறு சக்கரங்கள் இருக்கும். ஒன்று அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு, எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்), மற்றது ஷட்டர் வேகம். வைத்த அளவு மேல் லென்ஸுக்கு மேலே உள்ள சிறு சன்னலில் தெரியும், கேமராவைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். என் கேமராவில் வேகங்கள் (விநாடியில் எத்தனையில் ஒரு பங்கு என்று) பழைய வரிசை: 1, 2, 5, 10, 25, 50, 100, 250, 500.

இதில் ஒரு விதி: 500 வேண்டுமானால் ஷட்டரை முறுக்கேற்றுவதற்கு முன்பே அதை வைத்துவிடுங்கள். முறுக்கேற்றிய பிறகு 500-க்குப் போகவும் வேண்டாம், 500-லிருந்து இறங்கவும் வேண்டாம். அந்த வேகத்துக்கு ஷட்டருக்குள் கூடுதலாக ஒரு வில் வேலை செய்கிறது.

மீட்டர் இல்லை என்று தயங்காதீர்கள், மொபைலில் ஒரு லைட் மீட்டர் செயலி போதும். அதுவும் இல்லாவிட்டால் பழைய கணக்கு: நல்ல வெயிலில் எஃப் 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்தில். எச்.பி.5 போன்ற ஐ.எஸ்.ஓ. 400 கருப்பு வெள்ளை பிலிமுக்கு 1/500, எஃப் 16. ஆனால் பழைய ஷட்டரில் 500 என்று எழுதியிருப்பது உண்மையில் 500 ஆக இருப்பது அபூர்வம். அதனால் நான் 250-ஐயே நம்புகிறேன். வெயிலில் 1/250, எஃப் 16. மேகமூட்டத்தில் எஃப் 11. மரநிழலில் எஃப் 8. வெயிலில் இது ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு ஒளி, தாராளம்தான். கருப்பு வெள்ளை நெகட்டிவ் கூடுதல் ஒளியைத் தாங்கிக்கொள்ளும், பட்டினி போட்டால்தான் தாங்காது. வீட்டுக்குள், சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எடுக்க 1/25, எஃப் 3.5. கண்ணாடி எழும்பி அடிக்கும் அதிர்வு இல்லாததால் கையில் பிடித்தே 1/25-ல் எடுக்கலாம்.

பார்ப்பது, ஃபோகஸ் செய்வது, எடுப்பது

மேல் மூடியைத் தூக்கினால் நான்கு பக்கச் சுவர் எழும், உள்ளே மங்கல் கண்ணாடியில் உலகம் தெரியும். நேராகத்தான் தெரியும், ஆனால் இடம் வலம் மாறி. முதல் நாள் எல்லோருக்கும் கை குழம்பும். திரையில் குழந்தை இடது பக்கமாக நழுவினால் நீங்களும் இடது பக்கம் திரும்பித் தொலைப்பீர்கள், அவள் முழுசாகவே காணாமல் போவாள். திரையைத் துரத்தாதீர்கள். நிமிர்ந்து, குழந்தை நிஜத்தில் எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்த்து, அந்தப் பக்கம் உடம்போடு திரும்புங்கள். இரண்டு மூன்று ரோலில் பழகிவிடும்.

ஃபோகஸ் குமிழ் இடது கையில், கைப்பிடி வலது பக்கம். முன்சுவரின் உட்புறமிருந்து உருப்பெருக்கி ஒன்று எழும்பும். அதைக் கண்ணோடு ஒட்டிக் கண்ணின் இமை மயிரில் ஃபோகஸ் வையுங்கள், பிறகு உருப்பெருக்கியை மடக்கிவிட்டு முழுத் திரையையும் பார்த்துப் படத்தை அமையுங்கள். மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் வேறு வேறு உயரத்தில் இருப்பதால் கிட்டத்தில் தலை வெட்டுப்படுமே என்ற கவலை வேண்டாம். ஃபோகஸ் நெருங்க நெருங்கத் திரைக்கு அடியில் உள்ள சட்டம் தானே நகர்ந்து அதைச் சரிசெய்துகொள்ளும். ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் போக வேண்டுமென்றால் ரோலைனார் என்ற ஜோடிக் கண்ணாடி வேண்டும். மேல் லென்ஸுக்கு உரியதைச் சிவப்புப் புள்ளி மேலே இருக்கும்படி மாட்டுங்கள்.

தெருவில் எடுக்கும்போது நான் ஃபோகஸே பார்ப்பதில்லை. எஃப் 11-ல் 4 மீட்டருக்கு வைத்துவிட்டால் ஏறக்குறைய 3 மீட்டரில் தொடங்கி 6 மீட்டர் தாண்டியும் தெளிவு இருக்கும். குமிழைச் சுற்றியுள்ள அளவுகோலே இதைக் காட்டும்.

ஷட்டர் பொத்தான் முன்பக்கம் கீழே, வலது கை ஆள்காட்டி விரல் போய் உட்காரும் மூலையில் இருக்கிறது. கேமராவை வயிற்றோடு சேர்த்து, கழுத்து வாரை இழுத்து விறைப்பாக்கி, மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக அழுத்துங்கள். குனிந்து பார்ப்பதால் எதிரே இருப்பவருக்கு நாம் கும்பிடு போடுகிற மாதிரித்தான் தெரியும். முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கினால் விறைத்துக்கொள்கிறவர்கள்கூட இதன் முன் இயல்பாக நிற்கிறார்கள். சிகாகோ தெருக்களில் புகைப்படக்காரர் விவியன் மேயர் எடுத்த படங்களில் இந்த இடுப்பு உயரப் பார்வையைக் காணலாம். நம் நாட்டில் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவல்லாவும் ரோலிஃப்ளெக்ஸ் பிடித்தவர்தான்.

ஒவ்வொரு படத்துக்கும் பிறகு: கைப்பிடி முன்னே நிற்கும்வரை, பிறகு பின்னே நிற்கும்வரை. பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ட்ரைபாடில் வைத்தால் திருகை வெறித்தனமாக இறுக்காதீர்கள். அடித்தகடு மெல்லியது, வளைந்தால் பின் மூடி சரியாகச் சாத்தாமல் ஒளி கசியும். பழைய மாடல்களில் மரை 3/8 அங்குலமாக இருக்கலாம். இடையில் போடும் சிறு வளையம் ஒன்று பையில் இருக்கட்டும்.

பிலிமை எடுப்பது, கழுவுவது

12-ஆவது படம் முடிந்ததும் கைப்பிடி நிற்காமல் சுற்றும். காகிதம் முழுவதும் ஸ்பூலில் ஏறி, இழுப்பு விட்டுப்போன பிறகும் இரண்டு சுற்று கூடச் சுற்றுங்கள். மறுபடி நிழல். மூடியைத் திறந்தவுடன் ரோலைக் கட்டைவிரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், தளர்ந்தால் ஓரமெல்லாம் ஒளி ஏறிவிடும். ஒட்டுத்தாளை நாக்கில் நனைத்து ஒட்டுங்கள். கீழே காலியான ஸ்பூலை அப்போதே மேலே மாற்றிவிடுங்கள், அடுத்த முறை தேட வேண்டாம்.

கழுவுவது தனிப் பாடம், சுருக்கமாகச் சொல்கிறேன். இருட்டில் காகிதத்தைப் பிரித்துக்கொண்டே போனால் பிலிமின் ஒரு முனை டேப்பில் ஒட்டியிருக்கும், மெதுவாக உரியுங்கள். 120 பிலிம் அகலமானது, கழுவும் டேங்குக்குள் வைக்கும் ரீலில் ஏற்றும்போது மடங்கினால் அந்த இடத்தில் பிறை வடிவக் கறுப்புத் தழும்பு விழும். வீணான ரோல் ஒன்றை வைத்து வெளிச்சத்தில் பத்துமுறை ஏற்றிப் பழகிவிட்டு, பிறகு இருட்டுக்குள் போங்கள். ஒரு ரோலுக்கு 500 மி.லி. டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் திரவம்). எச்.பி.5 பிலிமுக்கு, தண்ணீர் கலக்காத ஐ.டி.11 டெவலப்பரில் 20 டிகிரி செல்சியஸில் ஏழரை நிமிடம்.

அந்த 20 டிகிரிதான் சென்னையில் வம்பு. குழாய்த் தண்ணீரே 30-ஐத் தொடுகிறது. வெப்பத்துக்கு ஏற்ப நேரத்தைக் குறைக்கலாம் என்று அட்டவணை உண்டு, ஆனால் நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிமில் திட்டுத்திட்டாகப் பதிவு வரும். நான் ஒரு பிளாஸ்டிக் டப்பில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, டெவலப்பர் பாட்டிலையும் டேங்கையும் அதில் நிறுத்திவிடுவேன். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சர் ஒன்றிரண்டு டிகிரி கூடக்குறைய இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் குளிர்ந்த பிலிமைச் சட்டென்று சூடான குழாய்த் தண்ணீரில் காட்டாதீர்கள்.

வைத்துக்கொள்வது

கூட வந்த தோல் உறை அழகுதான். அலமாரியில் வைத்துப் பாருங்கள், ஆனால் கேமராவை அதற்குள் வைத்து மூடாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சும், பூஞ்சை அங்கிருந்துதான் லென்ஸுக்கு வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஷட்டரை முறுக்கேற்றியபடி விட்டுவிடாமல், வில் தளர்ந்த நிலையில் வைப்பது நல்லது. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து எல்லா வேகங்களிலும் நாலைந்து முறை ஓடவிடுங்கள், பிசின் பிடிக்காது. நீலமாக இருக்கும் ஜெல் இளஞ்சிவப்பாகிவிட்டால் அது நிறைய ஈரம் குடித்துவிட்டது. சமையலுக்கு எடுக்காத பழைய வாணலி ஒன்றில் சிறு தீயில் வைத்து மறுபடி நீலமாகும்வரை வறுத்து, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள்.